ஆபீசில் பிபி கருவி இலவசமாகத் தருகிறார்கள்: இதய நலத் திட்டத்தில் சேரலாமா?

சோழிங்கநல்லூர்வாசி | திங்கள், இரவு 10:40

எங்கள் ஆபீசில் புதிதாக ஒரு இதய நலத் திட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். பதிவு செய்தால் வீட்டுக்கே ஒரு புளூடூத் பிபி கருவி வருகிறது. அளந்ததும் எண் தானாகப் போனில் இருக்கும் செயலிக்குப் போய்விடும். 'கோச்' என்று ஒருவர் வாரம் ஒருமுறை பேசுவாராம். நடந்தால் பாயின்ட், அளந்தால் பாயின்ட், தூங்கினால்கூட பாயின்ட். ஆயிரம் பாயின்ட் சேர்ந்தால் ஷாப்பிங் கூப்பன்.

எனக்கு 41 வயது. அப்பாவுக்கு 54-இல் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம், இப்போது நன்றாக இருக்கிறார். போன வருட மாஸ்டர் செக்கப்பில் எனக்கு 148/94 காட்டியது. 'டிராபிக்ல வந்த டென்ஷனா இருக்கும் சார்' என்று அங்கே சொன்னதைப் பிடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் அளக்கவே இல்லை.

இரண்டு சந்தேகம். இதனால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா, இல்லை சும்மா கூப்பன் விளையாட்டா? என் பிபி எண் அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் கண்ணில் படாது என்பதற்கு என்ன நிச்சயம்?

கேன்டீன்வடை | திங்கள், இரவு 10:58

தூங்கினால் பாயின்ட் தருகிற கம்பெனியில் வேலை காலி இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் ஆபீசிலும் போன வருடம் இதய நல வாரம் கொண்டாடினார்கள். தொடக்க விழாவில் தந்தது சமோசாவும் பாதுஷாவும். நடைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நண்பர் போனைக் குழந்தையின் தூளியில் போட்டு ஆட்டியவர். குழந்தையும் தூங்கியது, பதினெட்டாயிரம் அடியும் ஆனது.

முன்னாள் எச்ஆர் | திங்கள், இரவு 11:35

இப்படிப்பட்ட திட்டங்களை இரண்டு கம்பெனிகளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் இது தனியாக வருவதில்லை. குரூப் மெடிக்ளைம் (ஊழியர்களுக்குக் கம்பெனி எடுக்கும் மருத்துவக் காப்பீடு) ரினிவல் நேரத்தில் புரோக்கர் கையில் கொண்டுவருவார். 'பிரீமியம் ஏறுது மேடம், ஆனா கூடவே இந்த வெல்னஸ் ஆப் சேர்த்துத் தர்றோம்' என்பார். சில கம்பெனிகள் மொத்த ஆள் கணக்குக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும், சில பதிவு செய்தவர்களுக்கு மட்டும். தலைக்கு இவ்வளவு என்றால் செயலி நடத்துகிறவருக்கு நீங்கள் அதைத் திறக்காமல் இருந்தாலும் கவலையில்லை.

ஒரு விற்பனைக் கூட்டம் மறக்கவே மறக்காது. ஸ்லைடில் பெரிய எழுத்தில், பிபி 140-க்கு மேல் இருந்தவர்களுக்குச் சராசரியாக இத்தனை புள்ளி குறைந்தது என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஃபைனான்ஸ் ஆள் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: 'தொடக்கத்துல நூறு பேர்னா, பன்னிரண்டாவது மாசம் எத்தனை பேர் அளந்தாங்க?' அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள். பிறகு அவரே எனக்கு விளக்கினார். பிபி நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அதனால் இன்று அதிகமாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அடுத்த மாதம் அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும். பாதியில் விட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் ஸ்லைடில் மிச்சம் இருப்பது கம்பெனி லோகோதான்.

இன்னொன்று. நம் ஐடி கம்பெனிகளில் ஆள் மூன்று வருடத்தில் மாறிவிடுகிறான். 41 வயதில் பிபியைக் கட்டுப்படுத்தினால் 55-இல் வரவேண்டிய அட்டாக் வராமல் போகலாம். அந்த லாபம் இந்தக் கம்பெனி கணக்கில் வராது. அதனால்தான் முதலாளிக்கு இது முக்கியமாக 'நாங்கள் அக்கறை உள்ளவர்கள்' என்று லிங்க்ட்இன்னில் போடுகிற விஷயம். திட்டம் மோசம் என்று சொல்ல வரவில்லை. யாருக்காக எது செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

டல்லாஸ்காரன் | செவ்வாய், காலை 6:10

இந்த வியாபாரம் பிறந்த அமெரிக்காவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே வேலை மூலம் காப்பீடு பெறுகிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் கம்பெனியே செலவை ஏற்கும் வகையில் இருக்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனி வெறும் கணக்குப்பிள்ளை. என் பக்கத்து சீட்காரருக்குப் பைபாஸ் நடந்தால் பில் எங்கள் கம்பெனிப் பணத்திலிருந்து போகிறது. அதனால் ஹலோ ஹார்ட், ஒமாடா, டாரியோ மாதிரியானவை நேராகக் கம்பெனிகளிடமே விற்கின்றன.

பலன் பற்றி இங்கே நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பீஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைத் தொடரில் 160 கிளைகளை எடுத்து, குலுக்கல் முறையில் 20 கிளைகளில் மட்டும் வெல்னஸ் திட்டம் நடத்தினார்கள். ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். 2019-இல் முடிவு வந்தது. 18 மாதம் கழித்து, உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். பிபி, கொழுப்பு, எடை, மருத்துவச் செலவு, லீவு எதிலும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இலினாய் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: இப்படிப்பட்ட திட்டத்தில் ஓடிவந்து சேர்கிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள், செலவும் குறைவானவர்கள். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் திட்டம் சாதித்தது போலத் தெரியும்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியா பள்ளி ஆசிரியர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் காப்பீட்டுச் செலவும்தான் பெரிய காரணம். ஆனால் கோ365 என்ற செயலியில் பாயின்ட் சேர்க்காதவர்கள் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. யேல் பல்கலைக்கழகத்தில் திட்டத்தில் சேராத ஊழியர்களிடம் வாரத்துக்கு 25 டாலர் பிடித்தார்கள். வழக்குப் போட்டு, 2022-இல் 12.9 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

உங்களுடையதில் அபராதம் எதுவும் இல்லையே? கூப்பன்தானே? அப்படியானால் பரவாயில்லை.

சோழிங்கநல்லூர்வாசி | செவ்வாய், காலை 9:15

அபராதம் இல்லை அண்ணா. பாயின்ட் பட்டியலில் டீம் பெயர் மட்டும் கீழே தொங்கும். எங்கள் டீம் இப்போதே கடைசி.

மதுரை டாக்டர் | செவ்வாய், இரவு 9:50

பொது மருத்துவம் பார்க்கிறேன், 20 வருடம் ஆகிறது. டல்லாஸ்காரர் சொன்னது நடை, எடை, டயட் வகுப்பு எல்லாம் கலந்த பொதுத் திட்டங்கள் பற்றி. பிபியைத் தனியாக எடுத்துக்கொண்டால் கதை கொஞ்சம் வேறு.

வீட்டில் பிபி அளப்பது நல்ல பழக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் அளப்பதால் மட்டும் பிபி இறங்குவதில்லை. 2017-இல் 25 ஆய்வுகளிலிருந்து பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட நோயாளிகளின் தகவலை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். சும்மா வீட்டில் அளந்தவர்களுக்கு மேல் எண் ஒரே ஒரு புள்ளிதான் குறைந்தது, அது கணக்கிலேயே வராது. அளந்ததோடு மாத்திரையைச் சீராக மாற்றித் தருவதும் நெருக்கமான கவனிப்பும் சேர்ந்த இடத்தில் 6 புள்ளி. அடுத்த வருடம் இங்கிலாந்தில் டாஸ்மின்4 என்ற ஆய்வு வந்தது. நோயாளி அளந்த எண்களை வைத்தே டாக்டர்கள் மாத்திரையை மாற்றினார்கள். ஒரு வருட முடிவில், வழக்கமான முறையில் பார்த்தவர்களைவிட மூன்றரை முதல் நாலே முக்கால் புள்ளிவரை கூடுதலாக இறங்கியது.

எனக்குப் பிடித்த ஆய்வு லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தும் கடைகளில் நடந்தது. கறுப்பின ஆண்கள் 319 பேர். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர் 'டாக்டரைப் பாருங்க' என்று புத்தி சொன்னார். மற்றக் கடைகளுக்கு மருந்தாளுநர் நேரில் வந்து, டாக்டர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அங்கேயே மருந்து எழுதினார். ஆறு மாதத்தில் புத்தி மட்டும் கேட்டவர்களுக்கு 9 புள்ளி இறங்கியது, மருந்தும் கிடைத்தவர்களுக்கு 27. எந்தச் செயலியும் கிடையாது.

ஆகவே தம்பி, நீங்கள் எச்ஆரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. என் பிபி மூன்று வாரம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் யார் என்ன செய்வார்கள்? 'கோச் மெசேஜ் அனுப்புவார்' என்றால் அது கோச்சிங் சென்டர். 'டாக்டர் கூப்பிட்டு மாத்திரை எழுதுவார், இரண்டு வாரத்தில் திரும்பப் பார்த்து டோஸை மாற்றுவார்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

இதில் எங்கள் தொழிலின் குற்றமும் உண்டு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 152 இருக்கும். நோயாளி 'பொண்ணு கல்யாணம் சார், அலைச்சல்' என்பார். நானும் 'சரி, அடுத்த மாசம் பாப்போம்' என்பேன். அடுத்த மாதம் அவர் வரமாட்டார். தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில் பிபி உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். நூற்றுக்கு ஏழு பேர்! அந்த மீதிப் பேரில் பலர் இந்த 'அடுத்த மாசம் பாப்போம்' கும்பலைச் சேர்ந்தவர்கள்.

உங்கள் 148/94-ஐ டிராபிக் என்று தள்ளிவிட முடியாது. நம் ஊர்ப் பகுதியில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாடுகளில் 59 என்று இன்டர்ஹார்ட் ஆய்வு சொன்னது. உங்கள் அப்பா அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

டல்லாஸ்காரன் | புதன், காலை 6:32

டாக்டர் சொன்னதையேதான் 2024 அக்டோபரில் இங்கே மருத்துவச் செயலிகளை மதிப்பிடும் பீட்டர்சன் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் சொன்னது. டிஜிட்டல் பிபி திட்டங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: அளவை மட்டும் கண்காணிப்பவை, பழக்கத்தை மாற்றச் சொல்பவை, மருந்தை நிர்வகிப்பவை. முதல் இரண்டும் வாங்குகிற விலைக்குத் தகாது, மூன்றாவதுக்குக் காசு கொடுக்கலாம் என்று முடித்தார்கள்.

ஒரகடம் நர்ஸ் | புதன், மதியம் 2:20

தொழிற்சாலை மருத்துவ அறையில் வேலை. ஷிப்ட் முடிந்து எழுதுகிறேன்.

முதலில் அளக்கிற விதம். உங்கள் கருவியோடு வரும், கையில் சுற்றும் பட்டை என்ன அளவு என்று பாருங்கள். எல்லாருக்கும் ஒரே பட்டையைத்தான் அனுப்புகிறார்கள். பெரிய பட்டை வேண்டியவருக்கு நடுத்தரப் பட்டை போட்டால் ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாகக் காட்டும், மிகப் பெரியது வேண்டியவருக்கு 20 புள்ளி வரைக்கும் கூடும். இது ஆய்விலேயே வந்தது. எங்கள் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர் ஒருவர், கை பனைமரம் மாதிரி இருக்கும். செயலி தந்த கருவியில் 166. எங்கள் பெரிய பட்டையில் 144. மனுஷன் இடையில் பத்து நாள் தூங்கவில்லை.

டீ, காபி, சிகரெட் எதுவானாலும் அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேச்சு கூடாது, போன் பார்க்கக் கூடாது. காலை இரண்டு, மாலை இரண்டு என்று ஏழு நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-ஐத் தாண்டினால் அதிகம். கையில் கட்டும் வாட்ச், விரலில் போடும் மோதிரம் பிபி காட்டுகிறது என்பதை நம்பி மாத்திரை மாற்றாதீர்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். எங்கள் வளாகத்திலும் இப்படி ஒரு திட்டம் வந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். ஏசி அறையில் உட்காருபவர்களுக்குக் கருவி போகிறது. ஒப்பந்த ஆட்கள், கேன்டீன் ஆட்கள், வேன் ஓட்டுநர்கள், செக்யூரிட்டி யாருக்கும் கிடையாது. 12 மணி நேரம் நின்று, நைட் ஷிப்டில் பரோட்டா தின்று, பிபி என்றால் என்னவென்றே தெரியாமல் சுற்றுகிறவர்கள் அவர்கள்தான். என் ரெஜிஸ்டரில் 180-க்கு மேல் உள்ள பெயர்களை எடுத்தால் ஒருவர்கூட அந்தச் செயலியில் இல்லை. அரசாங்கத்தின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் வந்தபிறகு அவர்களைப் பரிசோதிக்கவாவது வழி கிடைத்தது.

கேன்டீன்வடை | புதன், மாலை 4:05

நர்ஸ் அம்மா, ஐந்து நிமிடம் போன் பார்க்காமல் உட்கார்ந்தேன். அதுவே டென்ஷனாகி 138 வந்தது.

(கிண்டல் போகட்டும். பரோட்டா சால்னாவை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? எங்கள் கேன்டீன் தயிர் சாதத்துக்கு வைக்கிற மாங்காய் ஊறுகாயும் அப்பளமும் போதுமே, ஒரு நாள் உப்பு ஒரே தட்டில் வந்துவிடும்.)

வழக்குரைஞர்_தி | புதன், இரவு 8:44

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். இந்தச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்பு வகை கிடையாது. பழைய வரைவில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். போதாததற்கு 7-ஆம் பிரிவில் வேலை தொடர்பான நோக்கங்களுக்கும், ஊழியர் தாமே கேட்டுப் பெறும் சலுகைக்கும் தகவலைத் தனி ஒப்புதல் இல்லாமலே கையாள வழி வைத்திருக்கிறார்கள். ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவேண்டாம்.

'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்துமுன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். கம்பெனிக்கு எது போகிறது? மொத்தத் தொகுப்பு அறிக்கைதான் என்றால், குறைந்தது எத்தனை பேர் கொண்ட குழுவுக்கு அறிக்கை தருவார்கள்? ஆறு பேர் டீமில் 'ஒருவருக்கு அதிக பிபி' என்று வந்தால் அந்த ஒருவர் யார் என்று டீக்கடையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வேலையை விட்டுப்போனால் தகவல் அழிக்கப்படுமா? காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகுமா? இதையெல்லாம் எச்ஆருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வையுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். பதிவுக்கு ஆபீஸ் மின்னஞ்சல் கொடுக்காமல் சொந்த மின்னஞ்சல் கொடுங்கள்.

முன்னாள் எச்ஆர் | புதன், இரவு 9:20

உண்மை. எனக்கு வந்த அறிக்கைகளில் பெயர் இருந்ததில்லை. ஆனால் ஒருமுறை 'தளம் 4, பெண்கள், 45 வயதுக்கு மேல்' என்று ஒரு வரி வந்தது. தளம் 4-இல் அந்த வயதில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

சோழிங்கநல்லூர்வாசி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11:30

எல்லாருக்கும் நன்றி. சேர்ந்துவிட்டேன், சொந்த மின்னஞ்சலில்தான். எச்ஆர் பதிலும் எழுத்தில் வந்தது: 50 பேருக்குக் குறைவான குழுவுக்கு அறிக்கை இல்லை. 'யார் மாத்திரை எழுதுவார்' என்று கேட்டதற்கு மட்டும், 'உங்கள் குடும்ப மருத்துவரை அணுகும்படி செயலி நினைவூட்டும்' என்று பதில். மதுரை டாக்டர் சொன்ன கோச்சிங் சென்டர்தான்.

ஏழு நாள் நர்ஸ் அம்மா சொன்னபடி அளந்தேன். சராசரி 146/92. கோச் பொண்ணு நல்ல மாதிரி பேசியது. தண்ணீர் குடிக்கச் சொன்னது, மூச்சுப்பயிற்சி வீடியோ அனுப்பியது, 40 பாயின்டும் வந்தது. நான் அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேடவாக்கத்தில் எங்கள் டாக்டரிடம் போனேன். அவர் செயலியைப் பார்க்கவே இல்லை, தாளை ஒரு நிமிடம் பார்த்தார். டெல்மிசார்டன் 40 என்ற பிபி மாத்திரை எழுதினார். மூன்று வாரம் கழித்துத் திரும்ப ஏழு நாள் அளந்தேன், 131/83. இன்னும் இறங்கவேண்டுமாம், அடுத்த மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கட்டாயம் போவேன் டாக்டர்.

இடையில் ஒரு கூத்து. கருவியை ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் தளத்தில் நிற்கும் செக்யூரிட்டி ஐயா, 58 வயது, செய்யாற்றுப் பக்கம். 'என்ன தம்பி இது, எனக்கும் பாத்துச் சொல்லேன்' என்றார். உட்காரவைத்து அளந்தேன். 178/104. திரும்ப அளந்தேன், 176. போனை மூட மறந்துவிட்டதால் இரண்டும் என் பெயரில் செயலிக்குப் போய்விட்டன. பத்து நிமிடத்தில் சிவப்பு எச்சரிக்கை. கோச் பொண்ணு பதறிப்போய்க் கூப்பிட்டது. 'என்னுடையது இல்லைம்மா, செக்யூரிட்டி ஐயாவுடையது' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'அவர் திட்டத்தில் பதிவு செய்தவரா சார்?' என்றது.

ஒரகடம் நர்ஸ் | ஞாயிறு, மதியம் 12:05

அந்த ஐயாவுக்குத் தலைவலி, நெஞ்சுவலி, பார்வை மங்கல் ஏதாவது இருந்ததா? டாக்டரிடம் போனாரா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

சோழிங்கநல்லூர்வாசி | ஞாயிறு, மதியம் 12:40

அதெல்லாம் எதுவும் இல்லை, கேட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை டூட்டி முடிந்ததும் நானே வண்டியில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் 170-க்கு மேல்தான். சர்க்கரையும் பார்த்தார்கள், அது பரவாயில்லை. ஆம்லோடிபின் ஒரு மாதத்துக்குக் கொடுத்து, அட்டை போட்டுத் தந்தார்கள், காசு எதுவும் வாங்கவில்லை. மாத்திரை வீட்டுக்கே வரும்படி ஊரில் மக்களைத் தேடி மருத்துவத்திலும் பெயர் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்த தேதி 14. அன்றைக்குப் பகல் டூட்டி போட்டிருக்கிறார்கள் என்று சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

செயலியில் அந்த 178-ஐ அழிக்க மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.

கேன்டீன்வடை | ஞாயிறு, மதியம் 12:52

அதற்குப் பாயின்ட் வந்ததா?

சோழிங்கநல்லூர்வாசி | ஞாயிறு, மதியம் 12:55

வந்தது. இரண்டு முறை அளந்ததற்கு 20.